முனீஸ்வரி விழுங்கிய வரி

முனீஸ்வரி கிறிஸ்தவ வேதத்தில் சேரப் போனது பக்தியால் அல்ல. கொழுந்தன் கோட்டைச்சாமியின் கையை முடக்கிப்போட அவளுக்கு ஒரு சாமி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

புருஷன் செத்த மறுவருஷம், உத்தமபாளையத்துக்கு மேற்கே அவள் ஒற்றை ஆளாக வளர்த்த பன்னீர் திராட்சைப் பந்தல், அறுவடைக்கு இருபது நாள் இருக்கும்போது கருகியது. சொட்டுநீர்த் தொட்டியில் யாரோ களைக்கொல்லியை ஊற்றியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ? வரப்புத் தகராறில், "ஒன் பந்தல் எப்பிடி நிக்கிதுன்னு பாக்குறேன் மதினி" என்று முந்தின வாரம்தான் கோட்டைச்சாமி சவால் விட்டிருந்தான். போலீஸ் சாட்சி கேட்டது. செத்த கொடியா வந்து சாட்சி சொல்லும்?

வயிறெரிந்தவர்கள் நம்ம பக்கம் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கருப்பசாமி கோயில் கல்லில் ஒரு காசை வைத்து, அவன் பெயரைச் சொல்லி, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டாள். வெட்டின காசு எதிராளியைச் சும்மா விடாது என்பார்கள். பதினோரு மாதம் காத்திருந்தாள். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. புது டிராக்டர்தான் வந்தது.

பிழைப்புக்கு ராயப்பன்பட்டித் தோட்டங்களில் திராட்சைக் கொடி கவாத்து வெட்டப் போனாள். கூட வேலை செய்த ஏஞ்சல், "செவ்வாக்கெழம அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துக்கா, கேட்டது கெடைக்கும்" என்றாள். என்ன கேட்கப் போகிறாள் என்று பாவம் அவள் விசாரிக்கவில்லை. அவன் சோத்துக்கை விளங்காமல் போகவேண்டும் என்று முனீஸ்வரி ஆறு செவ்வாய் கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சேராத ஆளின் மனுவை எந்த ஆபீஸில் எடுப்பார்கள் என்று யோசித்து, ஞானஸ்நானம் பெறுவதற்கான வகுப்பில் பெயர் கொடுத்தாள்.

வகுப்பு ஒரு வருஷம். செபமெல்லாம் சீக்கிரம் மனப்பாடம் ஆனது. ஆனால் ஏசு கற்பித்த செபத்தில், "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்ற வரி வரும்போது மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள். வரி தாண்டியதும் திரும்பச் சேர்ந்துகொள்வாள். ஏஞ்சல் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்த எடத்துல மட்டும் ஏங்க்கா வாயை மூடிக்கிற?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு ஃபாதர் சொன்னாகல்ல? மன்னிக்காம மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்தான?"



ஞானஸ்நானத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் கோட்டைச்சாமி அவள் வாசலில் வந்து நின்றான். பக்கவாதம். வலது கை துவண்டு தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கருப்பசாமி கோயில் பூசாரி, காசு வெட்டினவளே வந்து காணிக்கை போட்டு, வெட்டின காசைச் சேர்த்துவைத்தால்தான் தீரும் என்று சொல்லிவிட்டாராம்.

"மருந்தை நான்தான் ஊத்துனேன் மதினி. ஒங்க கால்ல விழுறேன். ஒருவாட்டி அங்கன வந்துட்டுப் போங்க."

இரண்டு வருஷமாக அவள் ஏங்கிய காட்சி இது. நெஞ்சு குளிர்ந்தது. நிதானமாகச் சொன்னாள், "நான் இப்ப வேதத்துக்கு மாறப்போறேன்யா. எங்க வேதத்துல அந்தச் சடங்கெல்லாம் செய்யக்கூடாது." சொல்லிவிட்டு அவன் முகத்திலேயே கதவைச் சாத்தினாள். அன்றைக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள்.

மறுநாள் ஃபாதரிடம் போய் நேராகவே கேட்டாள். "அவனை அடிச்சது கருப்பசாமியா, அந்தோணியாரா? யாருக்கு நான் நன்றி சொல்லணும் ஃபாதர்?"

ஃபாதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தக்கொதிப்பும்மா. மாத்திரையைப் பாதியில நிறுத்தியிருக்கான்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காசும் வெட்டவில்லை, மெழுகுவர்த்தியும் சுடவில்லை. இரண்டு வருஷம் அவள் தின்ன நெருப்பு அவள் வயிற்றை மட்டும்தான் சுட்டிருக்கிறது. கருகின பந்தல் கருகினபடியே கிடந்தது.

நாலு நாள் கழித்து உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தாள். மாத்திரை அட்டையை இடதுகையில் பிடித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். பிரியவில்லை. எச்சில் ஒழுகியது. பார்க்காததுபோல் நாலடி போனவள் திரும்பி வந்தாள். அட்டையை வெடுக்கென்று பிடுங்கி, மாத்திரையைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"முழுங்கு. தெனம் போடு. செத்துத் தொலைஞ்சுராத, எனக்கு ஒம்மேல கோவம் இன்னும் தீரலை."

அவன் அழுதுகொண்டே விழுங்கினான்.

குறித்திருந்த ஞாயிறு காலைப் பூசையில் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கோயிலில் பாதிப்பேர் திராட்சைக்காரர்கள். கோட்டைச்சாமியைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. செபம் தொடங்கியது. அந்த வரி வந்ததும் ஏஞ்சல் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். முனீஸ்வரியின் வாய் மூடியிருக்கவில்லை. ஏலம் கூறுகிற குரலில், எல்லோருடைய சத்தத்துக்கும் மேலே, தன் பாட்டுக்கு வரியை மாற்றிச் சொன்னாள்.

"என் பந்தல்ல மருந்து ஊத்துன கோட்டைச்சாமியை நான் மன்னிக்கிறது மாதிரி…"

செபம் அப்படியே நின்றுபோனது. ஃபாதர்கூட நிமிர்ந்து பார்த்தார். அவள் ஈரத்தலையோடு, யாரையும் சட்டை செய்யாமல், மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.