சத்தம் போன இடம்

அந்தச் சனிக்கிழமை மதியத்தை நினைத்தால், அது முழு விழிப்பில்தான் நடந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம் வருகிறது. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில். வெளியே தூறல். நனைக்கவும் நனைக்காது, நிற்கவும் நிற்காது, அந்த மாதிரி ஒரு பெங்களூர்த் தூறல். நெத்திலிக் குழம்பு சாப்பிட்ட மயக்கம் கண்ணில் இருந்தது. கீழே வெங்காய வண்டியின் ஒலிபெருக்கியில் பதிவு செய்து வைத்த குரல், "ஈருள்ளி, ஈருள்ளி" என்று கன்னடத்தில் கூவியபடி தெருமுனைக்குப் போய்க் கரைந்தது. அதன் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

என் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வரி டைப் செய்து என்டரைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, விரலால் மேசையைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். வாயால் கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. சிலருக்கு அந்த இடத்து நரம்பு இப்படிச் சோர்ந்துபோகும், திரும்பி வர வாய்ப்பு உண்டு, ஆனால் எவ்வளவு கரகரப்பாக வந்தாலும் பேசிப் பேசித்தான் பழக்க வேண்டும் என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். சும்மா விட்டால் குரல் அப்படியே நின்றுவிடலாம். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். பாடம் எடுத்தால் வராந்தாவின் கடைசி வரை கேட்கும் என்பார்கள். சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். அப்படிப்பட்டவள் எங்களிடம் சைகையிலும் செல்போன் மெசேஜிலும் பேச ஆரம்பித்தாள்.

நான் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் மற்றவர்களின் கம்ப்யூட்டர் தகராறுகளைத் தீர்த்து வைக்கிறவன். எனக்குத் துக்கம் வந்தால் அழத் தெரியாது, எதையாவது கழற்றி மாட்டுவேன். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. வேறு எதையும் தாங்காத வயசு அதற்கு, அதனால் லினக்ஸ் போட்டிருந்தேன். அதில் தமிழ் எழுத்தைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்தேன். டைப் செய்து என்டர் தட்டினால் ஸ்பீக்கரில் பேசும். ஆண்குரலும் இல்லை, பெண்குரலும் இல்லை. சளி பிடித்த போதகர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். செல்போனில் இதைவிட நல்ல குரல்கள் உண்டு. ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒரு பெண் வீட்டுக்குள் வந்து தன் இடத்தில் நின்று பேசுவது போல இருக்கிறது என்று எழுதிக் காட்டினாள். டப்பாக் குரலை யாரும் அவளுடையது என்று நினைக்க மாட்டார்கள். அதனால் அது பரவாயில்லை.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. நான், மனைவி, என் அம்மா, மூன்று பேரும் முறைவைத்து ஜெபிப்போம். மனைவியின் முறை வந்தபோது அவள் ஜெபத்தை டைப் செய்தாள், டப்பாக் குரல் ஜெபித்தது. அம்மா கண்ணை மூடி முழுசாகக் கேட்டு "ஆமென்" சொன்னார். அன்றிலிருந்து அந்தக் குரல் எதைச் சொல்லி நிறுத்தினாலும் அம்மா வாயில் ஆமென் வந்துவிடும். "பால் தீர்ந்துபோச்சு" என்று கம்ப்யூட்டர் சொல்லும், ஹாலிலிருந்து "ஆமென்" வரும். மனைவி சத்தமில்லாமல் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பே போதும் என்று இருந்தது, பயிற்சியைப் பற்றி நான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

அந்தக் குரல்தான் அன்று மதியம் வரவில்லை. காரணகர்த்தா நான்தான். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் சாப்பாட்டுக்கு முன் அப்டேட் போட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது கம்ப்யூட்டர்க்காரர்களான எங்கள் இனத்தின் பழக்கம்.

முதலில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். ஸ்பீக்கரின் சின்ன விளக்கு எரிந்தது. சத்தத்தின் அளவு முழுதாக வைத்திருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். ஒலிக்கான புரோகிராமை மட்டும் நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் இறங்கிக்கொண்டே இருந்தன, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, கொஞ்ச நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. தப்பு எங்கே என்று கேட்டால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது பதில் எழுதியது. எனக்குக் கோபம் வந்தால் கீபோர்டில்தான் காட்டுவேன். மனைவி என் தோளில் கை வைத்து அழுத்தினாள். மெதுவாக அடி என்று அர்த்தம்.

"நீ எதாவது டைப் பண்ணு, பார்க்கலாம்" என்றேன்.

அவள் ஒன்று இரண்டு மூன்று என்று டைப் செய்து என்டர் தட்டினாள். ஒலியளவைக் காட்டும் பச்சைப் பட்டை திரையில் எழும்பி எழும்பி விழுந்தது. ஒன்று என்றால் ஒரு துள்ளல், இரண்டு என்றால் இன்னொரு துள்ளல். அதாவது கம்ப்யூட்டர் பேசிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் காதுக்குத்தான் வரவில்லை. அவள் திரும்பத் திரும்ப என்டர் தட்ட, நான் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் இவ்வளவு உயரம் எழுந்து எங்கே போகிறது? அறை முழுக்க அவளுடைய ஒன்று இரண்டு மூன்று மிதந்துகொண்டிருக்கிறது, கையை நீட்டினால் படும் என்றெல்லாம் தோன்றியது. நெத்திலிக் குழம்பின் வேலையாகவும் இருக்கலாம்.

அப்புறம்தான் டிவி ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி இறங்கி சர்ச்சுக்குப் போக முடியாது. அதற்காகக் கம்ப்யூட்டரிலிருந்து நீளமாக ஒரு கேபிள் இழுத்து, கதவு நிலையோரமாக ஹால் டிவிக்குக் கொண்டுபோயிருந்தேன். அன்று காலையிலும் பழைய பிரசங்கம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். முடிந்ததும் சத்தத்தை ஸ்பீக்கருக்கே மாற்றி வைத்தேன். ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு அது தன் இஷ்டத்துக்கு டிவியைத் தேர்ந்துகொண்டிருக்கலாம். முதலில் பார்க்க வேண்டிய இடத்தைக் கடைசியில் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் மரபு.

"நான் போய்க் கேபிளைப் பார்த்துட்டு வரேன். நீ டைப் பண்ணி டைப் பண்ணி என்டர் தட்டிக்கிட்டே இரு, நிறுத்தாதே" என்று அவளிடம் சொன்னேன். டிவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகம்தானே, உறுதியான பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஹாலில் அம்மா நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ரிமோட் மடியில் இருந்தது. அம்மா டிவியை அணைக்க மாட்டார். சிவப்புப் பட்டனை அமுக்கினால் மறுபடி வராமல் போய்விடுமோ என்று பயம். சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுத் தூங்குவார். திரையில் கம்ப்யூட்டரின் வெறும் நீலம் மட்டும் தெரிந்தது. அந்த நீலம் தரையிலும் சுவரிலும் அம்மாவின் வெள்ளைத் தலைமுடியிலும் படிந்து, ஹால் முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பது போல இருந்தது. நான் மெதுவாக ரிமோட்டை எடுத்து, அம்மா விழித்துவிடாதபடி அளவை மிகவும் குறைத்துச் சத்தத்தைத் திறந்தேன்.

"அந்தப் பயிற்சிய நான் செஞ்சு பார்த்தேன்" என்றது டப்பாக் குரல்.

"ஆமென்" என்று முணுமுணுத்தார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே அறையில் கீபோர்டின் தட்டல் கேட்டது. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஒன்று இரண்டு மூன்றை விட்டுவிட்டு மனசுக்கு வந்ததை எழுதுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தத்தை நிறுத்தியிருக்க வேண்டும். விரல் பட்டனில்தான் இருந்தது. அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டுச் செஞ்சேன். தகரத்தத் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு."

அம்மா கண்ணைத் திறந்துவிட்டார்.

"அதுதான் இனிமே என் குரல்னா எனக்கு வேண்டாம். அத்தை கேட்டா அழுவாங்க. இவரு கேட்டா நல்லா இருக்குன்னு பொய் சொல்வாரு. ரெண்டையும் என்னால தாங்க முடியாது."

ஏற்ற இறக்கம் இல்லாமல், பால் தீர்ந்துபோனதைச் சொன்ன அதே குரலில் அது இதைச் சொன்னது. இத்தனை நாள் ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறோம், அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டிக்கூட இருக்கிறேன்.

அம்மா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார், ஆனால் எதையும் அமுக்கவில்லை. "இன்னாடா நின்னுகினு இருக்கே? உள்ள போ" என்றார் தாழ்ந்த குரலில். நான் நகர்ந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நா ஒண்ணும் அழல. அவகிட்ட சொல்லு" என்றார். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அறைக்குள் அதே மங்கலான வெளிச்சம். அவள் நிமிர்ந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சரியாயிற்றா என்று கேட்கிறாள். சரியாகவில்லை, கேபிளில் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பொய்யை அவள் ஏற்கெனவே என் பெயரில் எழுதி வைத்துவிட்டாள். அதற்கு மேல் இன்னொன்றைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"சத்தம் டிவிக்குப் போயிட்டிருக்கு. நான் ஹால்லதான் நின்னிருந்தேன். கேட்டேன்" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. கை தானாகக் கீபோர்டுக்குப் போனது, வேகமாக ஏதோ டைப் செய்தாள். என்டருக்குப் போன விரல் பாதியில் நின்றது. எதைத் தட்டினாலும் அது ஹாலில் அம்மா முன்னால்தான் பேசும். அவள் கண் செல்போனைத் தேடியது. அது ஹாலில் சார்ஜரில் இருந்தது. நான் மவுஸை எடுத்து ஒரே சொடுக்கில் சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம், இடம்தான் தெரிந்துவிட்டதே. செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு பஸ் நின்று, மூச்சு விட்டு, கிளம்பிப் போனது.

அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்று மட்டும் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். பிறகு, பல மாதங்களுக்கு அப்புறம், அந்த வீட்டில் அவள் குரல் கேட்டது.

"அத்தைக்கும் கேட்டுச்சா?"

தகரம்தான். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை. உடைந்து, காற்றோடு கலந்து, நடுவில் ஒரு இடத்தில் சுத்தமாக அறுந்தே போனது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"நல்லா இல்ல" என்றேன். "இன்னொரு தடவ கேளு."

அவள் இன்னொரு தடவை கேட்டாள்.