மாடி போர்ஷனும் மூடியில்லாத கிரகமும்

மாடியை வாடகைக்கு விட்டு, கூடவே சோறும் போடுகிறவளுக்கு யாரிடமும் நல்ல பெயர் கிடைக்காது. என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவாரூரில் எங்கள் மாடிக்குப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் வருவார்கள், போவார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம்: செருப்பு ஸ்டாண்டில் இருக்கணும், படியில் கிடக்கக் கூடாது. கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்ததில் என்னிடம் உருப்படியாக மிஞ்சியது இது ஒன்றுதான். சாத்தூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த திவ்யா மட்டும் முதல் நாளிலிருந்தே செருப்பைப் படியில், அதுவும் ஒன்றைக் குப்புறக் கவிழ்த்து, விட்டுவிட்டுத்தான் மேலே போவாள்.

வெளியூர்க் கிரகம்

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆராய்ச்சி?" என்று எதிர்வீட்டு சரோஜா அக்கா கேட்டார். "கிரகம்" என்றேன். மறுநாள் காலையில் மகனுடைய ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்!

திவ்யா சிரிக்காமல் விளக்கினாள். அவள் பார்ப்பது நம் சூரியனைச் சுற்றுகிற கிரகங்களை அல்ல, வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகிறவற்றை. அங்கே உயிர் வாழ முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. அக்கா ஜாதகத்தைப் பைக்குள் தள்ளினார். "நம்ம ஒம்பதையே சமாளிக்க முடியல, இதுல வெளியூர்க் கிரகம் வேறயா!"

நடுமடை

என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில் கொஞ்சம் நிலம் உண்டு. ஆறு திறந்தால் தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்காலையே பார்த்துப் பார்த்து முடி நரைத்த மனிதர். ஒரு நாள் சாப்பிடும்போது திவ்யா சொன்னாள்: நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், ரொம்பத் தள்ளி இருந்தால் உறைந்துவிடும், இடையில் ஒரு வளையத்தில்தான் தண்ணீர் தண்ணீராக நிற்கும். இவர் சாதத்தில் வைத்த கையோடு நிமிர்ந்தார். "தலைமடை முங்கும், கடைமடை காயும். உன் கிரகம் நடுமடைன்னு சொல்லு!"

எனக்கு என் கவலை. தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீரா, புழங்குகிற தண்ணீரா என்று கேட்டேன். அதற்கு அந்தப் பெண் சொல்கிறாள்: "மொதல்ல இருக்கான்னு தெரியட்டும் ஆன்ட்டி, அப்பறம் குடத்த எடுத்துட்டு வாங்க."

திருப்பிப் போடாத தோசை

அவளுடைய கிரகம் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றுகிறதாம். எப்போதும் ஒரே முகத்தைத்தான் அதற்குக் காட்டுமாம். ஒரு பக்கம் தீராத பகல், மறுபக்கம் விடியாத ராத்திரி. "திருப்பிப் போடாத தோசை. ஒரு பக்கம் கருகும், மேல் பக்கம் மாவாவே இருக்கும்" என்றேன். "மூடி போட்டா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். மூடி போட்டால் ஆவியிலேயே மேல்பக்கமும் வெந்துவிடும் என்றேன். அந்த மூடிதான் காற்றாம். காற்று இருந்தால் பகல் பக்கத்துச் சூட்டை ராத்திரிப் பக்கத்துக்குக் கொண்டுபோகும்.

மூடி இருக்கிறது என்று நம்பித்தான் அவள் கம்ப்யூட்டரில் அந்தக் கிரகத்துக்குக் கடலும் மேகமும் போட்டு வைத்திருந்தாள். விண்வெளியில் இருக்கிற தொலைநோக்கியை வைத்து வெளிநாட்டுக்காரர்கள் அதன் பகல் பக்கச் சூட்டை அளந்துகொண்டிருந்தார்கள். சூடு குறைவாக இருந்தால் இவள் பிழைத்தாள். இல்லையென்றால் இத்தனை வருஷ உழைப்பும் தண்ணீரில். "மூடி இருக்கணும் ஆன்ட்டி. சாமி கும்பிடறப்ப இதையும் சேத்துக்குங்க."

பொங்குகிற நட்சத்திரம்

காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனபோது, திவ்யா யாரோ தோழியிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, அவள் குரல் அப்படி. "சின்ன நட்சத்திரம்தான்டி. ஆனா திடீர்னு பொங்கும், பக்கத்துல இருக்கிற கிரகத்தோட காத்தையே பிச்சுக்கிட்டுப் போயிரும். செருப்பு விஷயத்துல எங்க ஓனர் ஆன்ட்டிய நீ பாத்ததில்லையே?"

போறேன்

முடிவு ஒரு மத்தியானம் வந்தது. பகல் பக்கம் முழுச்சூடு. காற்று இல்லை, கடல் இல்லை, வெறும் பாறை. அவள் சாப்பிட வரவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது, திட்டத்தான் வரும். "கிரகத்துக்குக் காத்து இல்லேன்னா நீ ஏன் சோத்த விடணும்?" என்று தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். பாதிதான் இறங்கியது. படித்தது போதும், வீட்டுக்கு வந்துவிடு என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். அவளும் சரி என்றுவிட்டாள்.

பையோடு இறங்கியவளை வாசலில் மறித்தேன். "ஒரு வீடு காலியா கெடந்தா, ஏன் காலின்னு விசாரிக்காம எவளாவது போவாளா? அந்தக் காத்து எங்க போச்சுன்னு கேட்டியா நீ?" ஆட்டோ காத்திருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மாடியிலிருந்து இறங்கிய எந்தப் பெண்ணும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் போனதில்லை. இவள் சொன்னாள்: "போறேன் ஆன்ட்டி."

படி

நான் ஆசைப்பட்டபடியே படி துப்புரவாக இருந்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் தன் செருப்பை அங்கே விட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை; அதில் பயந்துபோய் அவரே எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். ரூம் கேட்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். மேலே ஒழுகுகிறது என்று சொல்லி அனுப்பினேன். சொட்டுக்கூட ஒழுகவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு காலை வேளையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். காற்று எங்கே போனது என்பதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவளுடைய கைடு ஒத்துக்கொண்டாராம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கிரகமும் கிடைத்திருக்கிறதாம். "அந்த நட்சத்திரமாவது சாதுவா?" என்றேன். சேவை மென்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஓனர் கோவக்காரர்தான் ஆன்ட்டி. ஆனா காத்து இன்னும் இருக்கும்னு தோணுது."

ஓர் இடம் உயிர் வாழ லாயக்கா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு விண்வெளியில் ஒரு தொலைநோக்கி வேண்டியிருக்கிறது. எனக்கு மாடிப்படியில் குப்புறக் கிடக்கிற ஒற்றைச் செருப்பு போதும்.