ஒஷுனுக்கு முன் ஒரு சொட்டுத் தேன்

லண்டன் பிளேஸ்டோவில் சனிக்கிழமைதோறும் நடந்த நீர்வண்ண ஓவிய வகுப்பில் என் பக்கத்தில் எப்போதும் ஒரு பெண்மணி இருப்பார். நரைத்த பின்னல்கள், கை நிறையப் பித்தளை வளையல்கள். நைஜீரியாவின் யொரூபா இனத்தவர். நான் அவரை "அக்கா" என்றே கூப்பிட்டேன். அதையே தன் பெயராக எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் என்ன சொல்லித் தந்தாலும் அவர் வரைவது ஒஷுனைத்தான். ஒஷுன் அவர்களுடைய ஆற்றுத் தெய்வம், பிள்ளை வரம் தருபவள். நிறைவயிற்றோடு தண்ணீரில் நிற்பாள். ஈரத்தாளில் மஞ்சள் தானாகவே பரவி அவளுக்கு உடுப்பாகும்.

தூரிகையைத் தொடுமுன் அக்கா ஒரு கிண்ணத்தில் தேன் ஊற்றுவார். விரலால் தொட்டுத் தான் நக்கிவிட்டு, பிறகுதான் கிண்ணத்தைத் தாளின் முன் வைப்பார். முதல் நாள் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது.

"ஐயோ அக்கா, எச்சில்! சாமிக்குப் படைக்கமுதல் நாங்கள் வாயில வைக்கமாட்டம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஒருக்கா ஆரோ அவளுக்குத் தேனில நஞ்சு வைச்சிட்டினம். அதுக்குப் பிறகு, குடுக்கிற ஆள் முதல்ல சாப்பிட்டுக் காட்டவேணும். தெய்வமெண்டாலும் பொம்பிளைதானே, பயம் இருக்காதோ?"

போன வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். "இனிப்புக் காணுமோ?" என்று ருசி பார்க்கக் கணவர் கரண்டியோடு வந்தார். "படைக்கமுதல் தொடாதேங்கோ" என்று துரத்திவிட்டேன்.

பிறகு அம்மனின் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. பாவம், இத்தனை வருடமும் எந்தத் துணிவில் என் சமையலைச் சாப்பிட்டாளோ!