தபால் அதிபர் துடைக்காத குமிழ்

பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் தேடிப்போய்க் கேட்டு, முகநூலில் விமர்சனம் எழுதுவது என் வேலை. வேலை என்று நான் மட்டும்தான் சொல்வேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அப்படித்தான் கெலிஓயாவில் அந்த ஓய்வுபெற்ற தபால் அதிபரைச் சந்தித்தேன். மெலிந்த ஆள், காதோரம் நரைமுடி, வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டை. பேசிக்கொண்டே, வானொலி ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரை ஒரு துணியால் துடைத்தபடி இருந்தார். முன்பக்கம் பளபளத்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் மட்டும் தூசி படிந்திருந்தது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய செட்டைக் கண்டால் முதலில் அந்தக் குமிழை நாலு தரம் முழுக்கத் திருகிப் பார்ப்போம். உள்ளே அழுக்கிருந்தால் கரகரக்கும். அவரிடம் கேட்காமலே திருகினேன். கரகரத்தது. பெரிய நிபுணன் போலத் தலையாட்டினேன்.

துடைத்த கை நின்றுவிட்டது.

"மனுசி வைச்ச அளவு தம்பி. அவ செத்தாப்பிறகு நான் அதைத் தொடேல்லை. சுவிட்சை மட்டும் போட்டு றேடியோ கேப்பன்."

"எந்த நம்பர்ல இருந்தது ஐயா?"

"பாக்கேல்லை. பாத்து வைக்கோணும் எண்டு நினைக்கேல்லை."

குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வானொலியில் யாரோ வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் குமிழை மெல்ல நகர்த்தினேன்.

"இவ்வளவுதானா ஐயா?"

"ஓம், இவ்வளவுதான்."

சந்தேகத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். "இல்லாட்டி இவ்வளவா?"

"ஓம், இவ்வளவுதான்."

எங்கே வைத்தாலும் அதையே சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, அவருக்கே அந்த அளவு மறந்துபோயிருந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.