இழுத்தால் வரும் சொல்

ஒரு சொல்லை ஒருமுறை சொன்னால் செய்தி, மறுமுறை சொன்னால் கவிதை என்று டீச்சர் தமிழ் வகுப்பில் சொல்வார். சொல்லிவிட்டு அதையே மறுமுறையும் சொல்வார். 'வந்தான்' என்றால் எவனோ வந்தான், அவ்வளவுதான். 'வந்தான் வந்தான்' என்றால் வந்தவன் காதலனாக இருக்கலாம், போலீஸ்காரனாக இருக்கலாம். எப்படியும் சும்மா வந்தவன் இல்லை. பிள்ளைகள் அவருக்கு 'ரெண்டுதரம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அது காதுக்கு எட்டியபோது டீச்சர் கோபப்படவில்லை. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் எதுகை மோனையோடு ஒரு பட்டப்பெயர் வைக்கத் தெரியவில்லையே என்றுதான் வருத்தப்பட்டார்.

அவருக்கு வாய்த்தவரோ மின்சார அலுவலகத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் பிழைப்பு நடத்துகிறவர்கள் வாயைச் சிக்கனமாகவே திறப்பார்கள். மேலே நிற்பவர் 'ஆஃப்' என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே சுவிட்சை இறக்கியவர் 'ஆஃப்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் கம்பியில் கை வைக்கக் கூடாது. இதுவும் என் பாடமும் ஒன்றுதான் என்று டீச்சர் ஒருநாள் உற்சாகமாக விளக்கப்போக, லைன்மேன் சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: "அங்க திருப்பிச் சொல்லலேன்னா ஆள் கருகிடுவான் டீச்சர். உன் பாட்டுல யாரு கருகுறா?"

அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா கேலியா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகாத லைன்மேனைப் பக்கவாதம் சாய்த்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு முழுதாகப் போயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரியலாம், புரியாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்; இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துபோனாள். கோப்பை, சாவி, பூனை என்று படம் போட்ட அட்டைகளைப் பரப்புவாள். சீட்டாட்டத்தில் மோசமான கை வந்தவரைப் போல லைன்மேன் அவற்றைப் பார்ப்பார். ஒருநாள் அந்தப் பெண், சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு தங்கிவிடும், அவருக்குத் தெரிந்த பாட்டு ஏதாவது இருந்தால் பாடிப் பாதியில் நிறுத்திப் பாருங்கள், மீதியை அவர் முடிக்கலாம் என்றாள். அவருக்குத் தெரிந்த பாட்டு என்று எதுவும் கிடையாது. சரி, நாமே கட்டுவோம் என்று டீச்சர் உட்கார்ந்தார்.

மாலையில் ஜன்னல் ஓரமாகக் கட்டிலைத் தள்ளி, அவருடைய இடது உள்ளங்கையில் தாளம் தட்டிக்கொண்டே சொன்னார்: "வெயிலும் போச்சு, வெக்கையும் போச்சு, வேலை முடியிற நேரம்—"

நிறுத்தினார். திரும்பவும் சொன்னார். மறுநாளும் சொன்னார். அந்த வாரக் கடைசியில் லைன்மேனின் வாய் கோணி, உதடு நடுங்கி, ஒரு சொல் தெளிவாக வந்து விழுந்தது.

"ஆச்சு."

டீச்சர் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அதன் பிறகு அந்த வீட்டில், கல்யாணமான நாள்முதல் நடக்காத அளவுக்குப் பேச்சு நடந்தது. இன்ன ஓசையில் தொடங்கி இன்ன சொல்லை இரண்டு மூன்று முறை அடுக்கினால் அடுத்தது தானே வரும் என்பது டீச்சருக்குக் கைவந்த வித்தை. குழம்பைப் பற்றி வாயே திறக்காத மனுஷன் 'நல்லா இருக்கு' என்றார். "ஜன்னல் அழகு, செடியும் அழகு, நீயும்—" என்று ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து டீச்சர் நிறுத்த, லைன்மேன் "அழகு" என்றார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. கூடவே, மாணவன் பெயரில் தானே பரீட்சை எழுதித் தானே திருத்திய மாதிரி ஒரு கூச்சமும் வந்தது. அதை அதட்டி உட்காரவைத்தார்.

வெளியூரில் இருந்த மகன் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், அப்பா இப்போது பேசுகிறார் என்று டீச்சர் சொன்னார். ஒருநாள் குளியலறையில் கணவரைத் தூக்கப்போய் இருவருமாக விழுந்தார்கள். டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது. மகன் லீவு போட்டு வந்து, தன் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பார்த்திருப்பதாகச் சொன்னான். டீச்சர் மாட்டேன் என்றார். மகன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தானே தவிர வாதாடவில்லை. நல்ல பிள்ளை; அதுதான் சங்கடமே. அப்பா பேசுகிறார் என்றால் அப்பாவே சொல்லட்டும், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றான்.

டீச்சர் இரவு முழுக்க யோசித்தார். நேர்மையாகக் கேட்க வேண்டும் என்றுதான் யோசித்தார். ஆனால் நேர்மையாகக் கேட்டால் அவர் வாய் திறக்க மாட்டாரே. கணவர் மனதில் இருப்பது என்ன என்று தனக்குத் தெரியாதா, தெரிந்ததைச் சொல்ல ஒரு கைத்தடிதானே கொடுக்கிறோம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

காலையில் மகன் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். டீச்சர் நல்ல கையால் தாளம் தட்டினார். "இந்தச் சுவரு, இந்த ஜன்னல், இந்தக் கட்டில், இருக்கிறது—"

"இங்கே" என்றார் லைன்மேன். உரக்கச் சொன்னார்.

மகன் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டான். பிறகு மெதுவாக, "நானும் ஒருதரம் கேக்கட்டுமாம்மா?" என்றான்.

அவன் அந்த வீட்டில் வளர்ந்தவன். தாலாட்டிலிருந்து திட்டுவரை எதுகை மோனையோடு வாங்கியவன். அப்பாவின் கையை எடுத்து, அம்மா தட்டிய அதே தாளத்தைத் தட்டினான். "அந்த மரம், அந்தக் காத்து, அந்த அறை, அப்பா போறது—"

முதல் 'அந்த' காதில் விழுந்தபோதே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

"அங்கே" என்றார் லைன்மேன். அதே உரத்த குரல். முகத்தில் அதே கோணல்.

மதிப்பெண் போடச் சொன்னால் டீச்சர் முழுதாகப் போட்டிருப்பார். மகன் ஜெயித்தவனைப் போல இல்லை. "அப்பாவ அங்க விடணும்னு எனக்கு மட்டும் ஆசையாம்மா? அவர் எதையும் சொல்லலம்மா. நீ சொல்றத முடிச்சு வெக்கிறாரு, அவ்வளவுதான்" என்றான்.

அன்று மத்தியானம் அவன் வெளியே போன நேரத்தில் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்தார். தண்ணீர் தம்ளரை எடுத்துக்கொண்டு, "போர்வை வேண்டாம், பொழுதும் வேண்டாம், பொங்கின தண்ணியும்—" என்றார். லைன்மேன் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்து, தம்ளரில் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு டீச்சர் தாளமில்லாமல், அடுக்காமல், அலங்கரிக்காமல், மளிகைக்கடையில் கேட்பதைப் போல, "உங்களுக்கு எங்கங்க இருக்கணும்?" என்று கேட்டார். லைன்மேன் அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஈ ஒன்று அவர் புறங்கையில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் எழுந்து போயிற்று.

திரும்பத் திரும்ப வந்தால் அர்த்தம் பிறக்கும் என்று அவர் சொல்லிக்கொடுத்தது பொய்யில்லை. அது கேட்பவர் காதில் பிறக்கிறது. அதைக் கணவரின் வாயில் தேடியதுதான் பிசகு. 'ஆச்சு' என்று வந்த முதல் சொல்லையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்து, சேர்த்தார். 'அழகு' என்பதையும் சேர்த்தார். கையில் எதுவும் மிஞ்சவில்லை.

லைன்மேன் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். டீச்சர் மகன் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போய்வந்தார். அங்கே போய்ப் பாட்டுக் கட்டுவதில்லை என்று தீர்மானித்திருந்தார். நகம் வெட்டிவிடுவார், போர்வையை இழுத்துவிடுவார், ஊர் விஷயங்களை உரைநடையில் சொல்வார். கணவர் மௌனமாகக் கேட்பார், அல்லது கேட்கமாட்டார். அந்த மௌனமாவது அவருடைய சொந்தச் சரக்கு என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் நல்லெண்ணத்தோடு மகன் அங்கே வார்டு பையன்களிடம் வித்தையைச் சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் டீச்சர் வராந்தாவில் வரும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வார்டில் வேலை பார்க்கும் தடியன், பாவம், தங்கமான ஆள், லைன்மேனின் கையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். வாசலில் டீச்சரைக் கண்டதும் அவனுக்கு உற்சாகம் தாளவில்லை.

"ஐயா, இதச் சொல்லுங்க பாப்போம். வாசல்ல யாரு, வராந்தால யாரு, வந்து நிக்கிற அம்மா—"

லைன்மேன் தலையைத் திருப்பி மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"யாரு" என்றார்.

தடியன் கைதட்டினான். பக்கத்துக் கட்டில் பெரியவரும் சிரித்தார். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது 'யாரு' தானே வந்து விழுந்தது, ஓசைதான் இழுத்துப்போட்டது, அவர் எதையும் சொல்லவில்லை என்று மகன் அன்றைக்குச் சொன்னதையே தனக்குச் சொல்லிக்கொண்டார். அன்று நெஞ்சில் கல்லாக விழுந்த வார்த்தை அது. இன்று அதைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. கணவர் பேசுவதற்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்று ஏங்கியவர், இப்போது இல்லாமல் இருக்க வேண்டுமே என்று ஏங்கினார். இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் இருந்தார்; அவர் பார்வை அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டது.

"நீங்களும் சொல்லிப் பாருங்கம்மா" என்றான் தடியன், நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே. "சும்மா கேட்டா பேச மாட்டாரு. பாட்டா இழுக்கணும்."

டீச்சர் அப்படியா என்று கேட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பார்வையாளர் நேரம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.