மங்குக்கு ஒரு மத்தியானக் குடை

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். வடம் பிடிக்க ஊரே திரண்டிருந்தது. ஆனால் ரத வீதியில் எங்களைச் சுற்றி நின்ற கூட்டம் ஆண்டாளைப் பார்க்கவில்லை... என் தங்கை காந்திமதியின் கையில் இருந்த குடையைப் பார்த்தது.

சாதாரணக் கறுப்புக் குடைதான். தாசில்தார் பிடித்தால் அதிகாரம், வக்கீல் பிடித்தால் கௌரவம், கைக்குழந்தைக்காரி பிடித்தால் மட்டும் திமிர் — இதுதானே நம் ஊர்ச் சட்டம்?

"அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரில குடை பிடிப்பானாம்" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் பொதுவாகச் சொல்லி வைத்தாள். காந்திமதி திரும்பிப் பார்க்கவில்லை. குடையை இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கொண்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் என்கிறீர்களா? வாராவாரம் என் வம்பைப் படிக்கிற உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

காந்திமதியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. அவள் முழுகாமல் இருந்தபோது கப்பலேறிப் போனவர், பிள்ளை பிறந்தும் இன்னும் வந்து பார்க்கவில்லை. ஆடிப்பூரத்துக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாசமாக இருந்தபோதே அவளுக்கு முகத்தில் மங்கு விழுந்தது. மங்கு தெரியும்தானே? கன்னத்திலும் மூக்கிலும் பழுப்பாகப் படரும். வலிக்காது, அரிக்காது. கண்ணாடி பார்க்கும்போது மட்டும் வலிக்கும்.

"அவிய பாத்துட்டுப் போன மொகம் வேறக்கா" என்றாள் ஒருநாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு. "வந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டா நான் என்ன செய்வேன்?"

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் துணியாகவே பார்ப்பார். வெளுக்காத காடாத் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் நனைத்து வெயிலில் போட்டுப் போட்டு எடுத்தால் பளீரென்று ஆகிவிடும் அல்லவா? காந்திமதி வீட்டுக்குப் போயிருந்த அன்று அந்த நியாயத்தை அப்படியே அவள் கன்னத்துக்குக் கொண்டு வந்தார்.

"எலுமிச்சம்பழத்தத் தேச்சிட்டுச் செத்த நேரம் வெயில்ல உக்காரச் சொல்லுட்டி. காடாவே வெளுக்குது, மங்கு எம்மாத்திரம்?"

"அவ மொகம் என்ன முழம் போட்டு விக்கிறதா?" என்று கேட்டேன். ஆனால் காந்திமதி அதற்குள் எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டாள்.

முற்றத்து வெயிலில் நாள்தோறும் உட்கார்ந்தாள். தோல் எரிந்தது, சிவந்தது... பொறுத்துக்கொண்டாள். பழுப்பாக இருந்தது கறுப்பாக ஆனதுதான் மிச்சம். காடா வெளுக்கிற வெயிலில் கன்னம் கறுக்கும் என்பது அறுபது தறியில் சரக்கெடுக்கிற மனிதருக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அவள் எங்களிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் அழுதபோதுகூட நான் பயப்படவில்லை; கேட்காமல் இருந்தபோதுதான் பயந்திருக்க வேண்டும்.

மறுமுறை நான் வண்டி கட்டிக்கொண்டு போனபோது முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. எனக்கு ஆச்சரியம். "என்னட்டி, எப்படி?" என்றால் சிரிக்கிறாள், சொல்லவில்லை. சரி, ஆண்டாள் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்து, கொண்டுபோன முறுக்கை நீட்டினேன்.

வேண்டாம் என்றாள்.

காந்திமதி முறுக்கு வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. சின்ன வயதில் என் பங்கையும் சேர்த்துக் கடித்தவள் அவள். கிட்டே போய்ப் பார்த்தேன். பேசும்போது எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறாள். ஈறு வீங்கி, பல் ஓரமெல்லாம் செக்கச் சிவந்திருக்கிறது.

"வாயில செம்புக்காச வச்ச மாதிரியே இருக்குக்கா. ராத்திரியெல்லாம் எச்சி ஊறுது."

"என்னத்தப் பூசுற?"

முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில், பிள்ளையின் கண்மைச் சிமிழோடு சிமிழாக இருந்த ஒரு தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி சிரிக்கிறாள். பட்டணத்திலிருந்து வி.பி.பி. பார்சலில் வந்த முகக் களிம்பு. 'சந்திரனைப் பழிக்கும் வதனம்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்களே? நம் பத்திரிகையின் பின் அட்டையிலும் அந்த மாதிரி வரத்தான் செய்கிறது. ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் விட்டால் அவருக்கு என் நமஸ்காரம்.

பிள்ளை அப்போது அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். அந்த விரலைப் பிடுங்கி என் முந்தானையால் அழுந்தத் துடைத்தேன்.

அப்படியே வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, பாளையங்கோட்டைப் பக்கத்தவர். டப்பாவை முகர்ந்தார், மூடியைப் படித்தார், காந்திமதியை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இதுல ரசம் இருக்கும்மா. பாதரசம். வெளுக்கத்தான் செய்யும். ஆனா தோலோட நிக்காது, உள்ள போயிடும். ஈறு அதத்தான் சொல்லுது. பால் குடிக்கிற பிள்ளைக்கும் போகும்."

காந்திமதி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "எம்பிள்ளைக்கு ஏதும் ஆயிருக்குமா?" என்று கேட்டாள். மங்கு, மாப்பிள்ளை, ஆடிப்பூரம் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போன இடம் தெரியவில்லை.

பிள்ளையைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கான். இன்னையோட இத நிறுத்திடணும். துணி, தலகாணி உறையெல்லாம் தொவச்சிடுங்க. வாரம் ஒருக்க ரெண்டு பேரும் வந்து காட்டணும்" என்றார்.

"அப்ப மங்குக்கு?" — கேட்டது நான்தான். எழுத்துக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"பிள்ள பெத்தவங்களுக்கு வர்ற மங்கு பாதிப்பேருக்குத் தானாக் கொறையும். அவசரப்படக் கூடாது. எலுமிச்சம்பழம், இழைச்சுப் பூசுற கல்லு, களிம்பு ஒண்ணும் தேய்க்க வேண்டாம். அடுப்பு அனல்ல ரொம்ப நேரம் மொகத்தக் காட்டாதீங்க. வெயில் படக் கூடாது. வெளிய போனா குடை பிடிங்க."

அவ்வளவுதான். மருந்துச் சீட்டு இல்லை, சீசா இல்லை. வாய் கொப்பளிக்க ஒரு மருந்துத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

வரும்போது காந்திமதி வண்டிக்குள் மெதுவாகச் சொன்னாள்: "மத்ததெல்லாம் செஞ்சிருவேன்க்கா. குடை மட்டும் ஏலாது. ஊரே சிரிக்கும்."

கேட்டீர்களா? விஷத்தைப் பூசத் துணிந்தவளுக்குக் குடையை விரிக்கத் துணிவில்லை. அவளை மட்டும் சொல்வானேன்? களிம்பை யாருக்கும் தெரியாமல் பூசலாம். குடையை அப்படிப் பிடிக்க முடியாதே.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் மனிதர் தம்முடைய கடைக் குடையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, தாமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கொடுத்துவிட்டு, ராஜபாளையம் பஜாரில் வெயிலுக்குத் தலையில் போட்ட துண்டோடு திரும்பி வந்தார். இரண்டு பாஷையும் புழங்குகிற ஊர்; பார்த்தவர்கள் தெலுங்கிலும் தமிழிலும் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

களிம்பை நிறுத்தியதும் மங்கு முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள். ஈறு வீக்கம் மட்டும் மெல்ல வற்றியது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று, அதே சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே முதல் தடவையாகக் குடையை விரித்தாள். பிறகு மடக்கவில்லை.

தேருக்கு முதல் நாள் மாப்பிள்ளை வந்தார். சாத்தூரில் ரயிலிறங்கி வண்டி பிடித்து வாசலில் வந்து நிற்கிறார். காந்திமதி பிள்ளையோடு கதவோரம் நிற்கிறாள், முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் திருப்பின முகத்தைச் சரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. துறைமுக வெயிலில் நின்று நின்று அவர் இரண்டு கன்னத்திலும் கறுகறுவென்று மங்கு. அவளுக்குக் காட்டக் கூச்சப்பட்டு அவர் திரும்பியிருக்கிறார்.

"வெயில்ல இப்படி ஆயிப்போச்சு" என்றார் சுவரைப் பார்த்து. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தார். "கொழும்புல இது நல்லாக் கேக்குதுன்னாவ... நேத்துதான் பூச ஆரம்பிச்சேன்."

அதே தகர டப்பா. அதே சீமாட்டி.

காந்திமதி முந்தானையை விட்டாள். பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். முழு முகத்தோடு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். இத்தனை மாதம் கழித்துப் புருஷனைப் பார்த்தவள் முதல் வார்த்தையாகச் சொன்னது இதுதான்:

"வாயத் தொறங்க. ஈறப் பாக்கணும்."

அவரும் திறந்தார்.

மறுநாள் தேருக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரே குடையில்தான் வந்தார்கள். அந்தப் பழமொழி அம்மாளுக்கு ஒரு வார்த்தை: அர்த்தராத்திரியில் பிடிப்பவனைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள் அம்மா... நாங்கள் பிடித்தது உச்சி வெயிலில்.