முதல் ஆதாரம்

வேங்கிக்கால் பிரௌசிங் சென்டருக்கு நான் போகும்போதெல்லாம் ஒருவர் இருப்பார். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் தன் ஊரின் பக்கத்தைத் திறந்து, அங்கே ஏரிக்கரையில் நடந்த ஒரு வெட்டுக்கொலையைச் சேர்ப்பார். ஆதாரம் இல்லை என்று முகம் தெரியாத யாரோ நீக்குவார்கள். மறுபடியும் சேர்ப்பார்.

ஒருநாள் வலது கையில் மாவுக்கட்டோடு, இடது கை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“இத எழுதுனதுக்கு வீடு பூந்து இரும்பு பைப்பால அடிச்சாங்க. மூணு விரல் போச்சு.”

“இன்னும் எழுதறீங்களே?”

மடித்த செய்தித்தாளை நீட்டினார்.

“கொலைய எந்தப் பேப்பரும் போடலங்க. என்னை அடிச்ச நியூஸ்ல அதுவும் ஒரு வரி வந்துடுச்சு. இப்ப ஆதாரம் இருக்கு.”

அதன்பிறகு அவரை சென்டரில் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை நேற்றும் திறந்து பார்த்தேன். கொலை அப்படியே இருக்கிறது. எழுதியவர் இருக்கிறாரா என்றுதான் தெரியவில்லை.